சுருக்கெழுத்துக்குச் சமச் சம்பளம்

அலுவலக வேலை என்பது என்ன? கடிதம் எழுதுவது, தட்டச்சு செய்வது, கணக்கு எழுதுவது, கோப்புகளைப் பராமரிப்பது. இதில் எதற்கும் மூட்டை தூக்கும் பலம் தேவை இல்லை. ஆணும் கற்கலாம், பெண்ணும் கற்கலாம்.

ஆனாலும் பல வீடுகளில் பேச்சு வேறாக இருக்கிறது. "மகள் தட்டச்சு படிக்கட்டும். கல்யாணம் ஆகும்வரை கைச்செலவுக்கு ஆகும்" என்கிறார்கள். மகனைக் கணக்கியல் படிக்க அனுப்புகிறார்கள். பிரிவினை அங்கேயே தொடங்கிவிடுகிறது. பிறகு அது அலுவலகத்துக்குள்ளும் வருகிறது.

பம்பாயில் நடந்த ஒரு வழக்கைப் பாருங்கள். (இன்று அந்த நகரத்தின் பெயர் மும்பை.)

அங்கே மெக்கின்னன் மெக்கன்சி என்ற கப்பல் நிறுவனத்தில் ஆட்ரி டிகோஸ்டா என்ற பெண் சுருக்கெழுத்தாளராக வேலை செய்தார். சுருக்கெழுத்து என்பது ஒருவர் பேசும் வேகத்துக்குக் குறிகளால் எழுதும் முறை. கோடு மெலிந்தால் ஓர் ஒலி, தடித்தால் வேறோர் ஒலி. கற்றுத் தேற நாளாகும். எழுதி முடித்த தாளைப் பார்த்து, எழுதியவர் ஆணா பெண்ணா என்று யாராலும் சொல்ல முடியாது.

சம்பளத்தில் மட்டும் அது தெரிந்தது. ஆண் சுருக்கெழுத்தாளர்களுக்குக் கூடுதல், பெண்களுக்குக் குறைவு. 1977-ஆம் ஆண்டு ஜூன் மாதம் டிகோஸ்டாவின் வேலை போயிற்று. தனக்குக் குறைத்துக் கொடுத்த தொகையைக் கேட்டு அவர் மனுக் கொடுத்தார். சம ஊதியச் சட்டம் அதற்கு முந்தைய ஆண்டில்தான், 1976-இல், இயற்றப்பட்டிருந்தது.

நிறுவனம் பல காரணங்கள் சொன்னது. பெண்கள் பெரிய அதிகாரிகளிடம் அந்தரங்கச் சுருக்கெழுத்தாளர்களாக இருக்கிறார்கள், அந்த வேலையில் ஆண்களே இல்லை என்றது. தொழிற்சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டுத்தான் சம்பளம் வைத்தோம் என்றது. கூடுதலாகக் கொடுக்க வசதி இல்லை என்றும் சொன்னது.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1987 மார்ச் 26 அன்று தீர்ப்பு வந்தது. டிகோஸ்டா வென்றார். இரு சாராரும் செய்வது ஒரே தன்மையான வேலைதான் என்றது நீதிமன்றம். சின்னச் சின்ன வேறுபாடுகளைக் காட்டிச் சம்பளத்தைக் குறைக்கக் கூடாது. ஒப்பந்தம் இருந்தாலும் சட்டத்தை மீற முடியாது. பண வசதியைப் பார்த்துச் சட்டம் பொருந்துவதில்லை.

மனுக் கொடுத்தது முதல் தீர்ப்பு வரும்வரை பல ஆண்டுகள் ஓடிவிட்டன. எல்லோராலும் அவ்வளவு காலம் தாங்க முடியுமா? அதனால்தான் வேலைக்குச் சேரும்போதே விவரம் தெரிந்திருக்க வேண்டும்.

அதே 1987-இல் சட்டம் திருத்தப்பட்டது. வேலையில் சேர்ந்த பிறகு கிடைக்கும் பதவி உயர்விலும் பயிற்சியிலும் இடமாற்றத்திலும் பெண் என்பதற்காக வேறுபாடு காட்டக் கூடாது என்று சேர்த்தார்கள். பின்னர் இந்தச் சட்டம் 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பில் சேர்க்கப்பட்டது. சம வேலைக்குச் சம ஊதியம் என்ற விதி அதிலும் உண்டு.

தொழிற்கல்வியில் ஆண் படிப்பு, பெண் படிப்பு என்ற பிரிவினையை நீக்க வேண்டும் என்று 1986-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை கூறியது. பெண்களுக்கென்றே தொழிற்பயிற்சி தர 1977-இல் தேசிய அளவில் ஒரு நிலையம் தொடங்கப்பட்டது. அது டெல்லி அருகே நொய்டாவில் உள்ளது. தட்டச்சு இயந்திரத்தின் இடத்தில் இப்போது கணினி வந்துவிட்டது. தொழிற்பயிற்சி நிலையங்களில் கணினி இயக்குபவருக்கு ஓராண்டுப் படிப்பு இருக்கிறது. 10-ஆம் வகுப்புத் தேறியவர்கள் சேரலாம்.

சேருமுன் கேட்க வேண்டியவை உண்டு. இந்தப் படிப்புக்கு என்ன பதவி கிடைக்கும்? அந்தப் பதவியிலிருந்து மேலே போக வழி இருக்கிறதா? தட்டச்சு மட்டும் தெரிந்தவர் பெரும்பாலும் அதே நாற்காலியிலேயே இருந்துவிடுகிறார். கணக்கும் வரி விவரமும் சேர்த்துக் கற்றவருக்கு வழி திறக்கிறது. மகன் சுருக்கெழுத்துப் படித்தாலும் ஒன்றும் குறைந்துவிடாது. பம்பாய் நிறுவனத்தில் ஆண்களும் அதைத்தானே செய்தார்கள், அதுவும் கூடுதல் சம்பளத்துக்கு!

கலந்து பேசுக:

உங்கள் ஊரில் பெண்கள் அதிகம் சேரும் பயிற்சி எது? ஆண்கள் அதிகம் சேருவது எது? ஏன் அப்படி?

அருகிலுள்ள கடை, வங்கி, அலுவலகம் ஒன்றில் கணக்கு எழுதுபவர் யார், தட்டச்சு செய்பவர் யார் என்று பார்த்து வந்து சொல்லுங்கள்.