ஆறிவரும் உடம்போடு ஒரு நாள் பயணம்

சத்திரசிகிச்சை செய்துகொண்டு வீடு திரும்பிய ஒரு தாயைப் பார்க்கப் போகிறவர்கள் வழக்கமாக இரண்டு கேள்விகள் கேட்பார்கள். "தையல் வெட்டியாச்சா? எப்ப பேர் போடப் போறீங்க?" மூன்றாவது கேள்வி ஒன்று உண்டு. அதை யாரும் கேட்பதில்லை. அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த நாள்களில் அடுப்பை மூட்டி, தண்ணீர் சுமந்து, தம்பி தங்கைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பிவிட்டு, தான் மட்டும் போகாமல் நின்ற அந்தப் பதினாறு வயதுப் பிள்ளை எப்படி இருக்கிறது?

அந்தத் தாயும் அந்தப் பிள்ளையும் ஒரு நாள் சேர்ந்து வெளியே போய்வருவதைப் பற்றி இந்தப் பாடத்தில் சிந்திப்போம். குடலிறக்கத்துக்குச் சத்திரசிகிச்சை செய்துகொண்ட தகப்பனுக்கும் இதே பாடந்தான்.

"இருக்கிற கஷ்டத்தில் இது என்ன உல்லாசம்?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் நம்மவர்களுக்குப் பயணம் என்ற சொல் என்ன பொருளைத் தந்திருக்கிறது என்று பாருங்கள். 1977 இலும் 1983 இலும் சப்ரகமுவ தோட்டங்களை விட்டு மூட்டையோடு வன்னிக்குப் போனவர்கள் உண்டு. அங்கே காடு வெட்டிக் கமம் செய்து, அங்கிருந்தும் யுத்தத்தால் பெயர்ந்தவர்கள் உண்டு. 2016 மே 17 அன்று அரநாயக்காவிலும் புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்திலும் மலை சரிந்தபோது உயிர்களையும் வீடுகளையும் இழந்து, உடுத்த துணியோடு வெளியேறியவர்கள் உண்டு. இப்படிப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள் பலர் வீட்டைவிட்டுத் தூரம் போனது இரண்டே காரியங்களுக்காக: ஓடுவதற்கு, அல்லது ஆஸ்பத்திரிக்கு. தானே நாள் குறித்து, தானே இடம் தெரிந்து, மாலையில் திரும்பி வருவேன் என்று சொல்லிவிட்டுப் போகும் பயணத்தை அவர்கள் அறியமாட்டார்கள்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் மாதங்களில்தான் நம் பிள்ளைகள் பலர் கொழும்புக் கடைகளுக்கு வேலைக்குப் போகிறார்கள். பெறுபேறு வரும்போது பிள்ளை ஊரில் இல்லை. உயர்தரம் படிக்கலாம் என்று தெரிந்தாலும் கையில் சம்பளம் பார்த்தவன் திரும்பி வருவது கடினம். வீட்டில் நோயாளி இருந்தால் இந்த முடிவு இன்னும் அவசரமாக எடுக்கப்படுகிறது. லயத்துக் காம்பராவில், பக்கத்து வீட்டார் காதில் விழாமல், இதைப் பேச இடமேது? வெளியே ஒரு மரத்தடியில் இரண்டு மணித்தியாலம் கிடைத்தால் பேசலாம்.

எப்போது போகலாம்?

தேதியை நாம் தீர்மானிக்க முடியாது. காயந்தான் தீர்மானிக்க வேண்டும். வயிற்றைத் திறந்து செய்யும் பெரிய சத்திரசிகிச்சைக்குப் பின், உதாரணமாகக் கருப்பையை அகற்றிய பின், ஆறு முதல் எட்டு வாரங்கள் வரை பாரம் தூக்கக்கூடாது என்பது பொதுவான வைத்திய ஆலோசனை. நாலைந்து கிலோவே அதிகம். ஒரு தண்ணீர் வாளி அதைவிடப் பாரம். நிறைந்த கொழுந்துக் கூடையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மேல் தோல் ஆறியதும் எல்லாம் ஆறிவிட்டதாக நினைக்கிறோம். உள்ளே தசை பொருந்துவதற்கு வாரக்கணக்கு எடுக்கும். அதற்குமுன் பாரம் ஏற்றினால் தையல் போட்ட இடத்தில் குடல் பிதுங்கி, இன்னொரு சத்திரசிகிச்சைக்கு வழி பிறக்கும். சிறு துளைகள் போட்டுச் செய்தவர்களுக்கு நாள் குறையும். நீரிழிவு உள்ளவர்களுக்குக் கூடும்.

ஆகவே கிளினிக்குக்குப் போகும் நாளில், கொப்பியை நீட்டி மருந்து வாங்கிக்கொண்டு வந்துவிடாமல், டாக்டரிடம் வாய் திறந்து கேளுங்கள். நான் பஸ்ஸில் இரண்டு மணித்தியாலம் உட்காரலாமா? எவ்வளவு தூரம் நடக்கலாம்? எதைக் கண்டால் உடனே வர வேண்டும்? மொழி தடையாக இருந்தால் பிள்ளையையும் கூட்டிப் போங்கள். சிங்களம் அதற்கு வரும். என்ன சத்திரசிகிச்சை செய்தார்கள் என்பதைப் பிள்ளை தெரிந்துகொள்வதும் நல்லதே. கருப்பை என்ற சொல்லை மகனுக்கு முன்னால் சொல்லக் கூச்சப்படும் தாய்மார் உண்டு. சொல்லாவிட்டால் அவன் புற்றுநோய் என்று நினைத்துக்கொண்டு இரவில் விழித்திருப்பான். எளிய சொல்லில் சொல்லிவிடுங்கள்.

போவதற்கு முந்திய வாரம் லயத்திலிருந்து தோட்டத்துக் கடைவரை நடந்து திரும்புங்கள். மறுநாள் காலையில் நோவு கூடாமல் இருந்தால் உடம்பு சம்மதித்துவிட்டது என்று கொள்ளலாம்.

எங்கே போகலாம்?

முதலில் எங்கே போகக்கூடாது என்று பார்ப்போம். "பிழைத்து எழும்பினால் சிவனொளிபாத மலை ஏறுகிறேன்" என்று நேர்ந்துகொண்டவர்கள் பலர். மலைப் பருவம் டிசம்பர் போயாவில் தொடங்கி மே மாத வெசாக் போயாவில் முடிகிறது. ஏறும் படிகள் ஐயாயிரத்துக்கு மேல். இரத்தினபுரிப் பக்கத்துப் பலாபத்தல பாதை நீளமானது, கடினமானது. ஆறாத வயிற்றோடு இதில் கால் வைக்க வேண்டாம். நேர்த்தியை அடுத்த பருவத்துக்குத் தள்ளிவைப்பது நேர்த்தியை முறிப்பதாகாது. நேர்ந்துகொண்டவருக்கு உடம்பைக் கொடுத்தவரே அதை ஆற்ற நாளும் கொடுத்திருக்கிறார்.

குருவிட்டைப் பக்கத்து போபத் எல்ல அழகான நீர்வீழ்ச்சிதான். ஆனால் பாறை வழுக்கும்; மலையில் மழை பெய்தால் நீர் திடீரென்று பெருகும். கித்துல்கலைக்குப் போகும் வளைவுப் பாதை குமட்டலைத் தரும். புதுத் தையலோடு வாந்தி எடுப்பது மோசமான அனுபவம். இவை இரண்டும் அடுத்த வருடத்துக்கு இருக்கட்டும்.

கேகாலைப் பக்கத்துக் குடும்பங்களுக்குப் பின்னவல பொருத்தமானது என்பது எமது எண்ணம். கேகாலையிலிருந்து றம்புக்கனைக்குப் போகும் பாதையில் இருக்கிறது. தாயை இழந்த யானைக் குட்டிகளுக்காக 1975 இல் தொடங்கிய இடம் இது. யானைகளை மகா ஓயாவுக்குக் கூட்டிப்போய்க் குளிக்கவிடுவார்கள்; வழமையாகக் காலை பத்து மணியளவிலும் பிற்பகல் இரண்டு மணியளவிலும். நேரம் மாறக்கூடும் என்பதால் வாசலில் கேட்டுக்கொள்ளுங்கள். நம்மைப் போன்றவர்களுக்கு வசதி என்னவென்றால், நாம் யானையைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஆற்றங்கரையில் உட்கார்ந்திருந்தால் அவை நம்மிடம் வரும். கண்ணிவெடியில் ஒரு காலின் அடியை இழந்த சாமா என்ற யானைக்கும் இங்கே அடைக்கலம் கிடைத்தது. 2021 ஓகஸ்ட் மாதத்தில் சுரங்கி என்ற யானை இரட்டைக் குட்டிகளை ஈன்றதும் இங்கேதான். இலங்கையருக்குக் கட்டணம் வெளிநாட்டவரைவிட மிகக் குறைவு. அடையாள அட்டையை மறக்க வேண்டாம். கேகாலை போதனா வைத்தியசாலை அருகிலேயே இருப்பது இன்னொரு நிம்மதி.

இரத்தினபுரிப் பக்கத்தவர்களுக்கு, எஹெலபொல வளவில் உள்ள தேசிய அரும்பொருட்சாலை உண்டு. இரத்தினக்கல் குழி வெட்டும் ஊரில் பிறந்த பிள்ளைகளுக்கு, அந்தக் குழிகளின் அடியில் காண்டாமிருகம், நீர்யானை, சிங்கம் ஆகியவற்றின் எலும்புகள் கிடைத்தன என்ற செய்தி புதுமையாக இருக்கும். ஒரு காலத்தில் இந்த நாட்டிலே அவை வாழ்ந்தன. அரை நாளில் பார்த்துவிட்டுப் பகல் சாப்பாட்டுக்குப் பின் வீடு திரும்பலாம்.

உடவளவையில் 1995 இல் தொடங்கிய யானைக் குட்டிகள் பராமரிப்பு நிலையம் இவை எல்லாவற்றிலும் சிறந்தது. மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை குட்டிகளுக்குப் பால் கொடுப்பார்கள். வளர்ந்ததும் மறுபடி காட்டுக்கே அனுப்பிவிடுவார்கள். ஆனால் இரத்தினபுரியிலிருந்து பெல்மதுளை, எம்பிலிப்பிட்டிய வழியாக நீண்ட தூரம். சத்திரசிகிச்சை முடிந்து மூன்று மாதங்களாவது போன பின் யோசிக்கலாம். றம்புக்கனையிலிருந்து கடுகண்ணாவை ஏறும் புகையிரதப் பயணத்தையும் பிள்ளைகள் விரும்புவார்கள். 2025 நவம்பர் சூறாவளியில் மலைநாட்டுப் பாதை பல இடங்களில் சேதமடைந்ததால், அன்றைய நிலையைப் புகையிரத நிலையத்தில் விசாரித்த பின்னரே திட்டமிடுங்கள்.

பாதையில் கவனிக்க வேண்டியவை

பயணத்தில் ஆபத்தான பகுதி நெடுஞ்சாலை என்று நினைப்போம். அப்படியல்ல. லயத்திலிருந்து பிரதான பாதைவரை உள்ள தோட்டத்துப் பாதைதான் தையலுக்கு எதிரி. குழியும் கல்லும் நிறைந்த அந்த நாலைந்து கிலோமீற்றரில் ஓட்டோ குதிக்கிற குதியில் சுகமான உடம்பே நோகும். எனவே பணத்தை மிச்சம் பிடிக்கக்கூடாத இடம் இதுதான். இரண்டு பேர் மட்டும் ஏறி, மெதுவாக ஓட்டச் சொல்லி, அதற்குரிய கூலியைக் கொடுங்கள். வேறெங்காவது குறைத்துக்கொள்ளலாம்.

பஸ்ஸில் பின் ஆசனம் வேண்டாம், நடுவில் உட்காருங்கள். மடித்த துவாயை வயிற்றில் அணைத்து வைத்துக்கொண்டால் குலுக்கலும் இருமலும் காயத்தைத் தாக்காது. ஒரே இருப்பாக இருந்தால் காலில் இரத்தம் கட்டும். சத்திரசிகிச்சை செய்தவர்களுக்கு இந்த ஆபத்து கூட. பாதங்களை அசைத்துக்கொண்டிருங்கள், பஸ் மாறும் இடத்தில் பத்து நிமிடம் நடங்கள். மலசலகூடத்துக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் வரும் தாய்மாரை நாம் பார்க்கிறோம். அதைவிட, பஸ் நிலையத்தில் கூடம் எங்கே என்று முதலே அறிந்து வைப்பது நல்லது. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி நோகுதல், மூச்சு முட்டுதல், காய்ச்சல், காயத்தில் சீழ் அல்லது துர்நாற்றம் இவற்றில் ஒன்றைக் கண்டாலும் பயணம் அங்கேயே முடிகிறது. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வண்டி இலவசமாக வரும். ஆஸ்பத்திரியில் தந்த நோய் விபர அட்டையின் பிரதியும் மருந்தும் கைப்பையிலே இருக்க வேண்டும்.

கணக்கு

கணக்கைப் பேரிலே போடுவோம். நமக்குப் புரிகிற அளவு அதுதான். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. பிறகு கூடினாலும் அந்தப் பழைய தொகையிலேயே கணக்குப் பாருங்கள். குறைத்துப் போட்ட கணக்கு ஏமாற்றாது. தாய் வேலைக்குப் போகாத மாதத்தில் மூன்று பேருக்கு மேல் இந்தப் பயணம் விழுங்கக்கூடாது. அதாவது 4,050 ரூபா. இதில் 2,000 பஸ்ஸுக்கும் ஓட்டோவுக்கும். 900 நுழைவுச் சீட்டுக்கும் தேத்தண்ணீருக்கும். மிகுதி 1,150 ரூபாவைத் தனியாகக் கட்டி வையுங்கள். அவசரத்துக்கு ஓட்டோ பிடிக்க மட்டுமே அது. அவசரம் வராவிட்டால் அப்படியே வீட்டுக்குத் திரும்ப வேண்டும். சாப்பாடு வீட்டிலிருந்து போகட்டும்: ரொட்டியும் சம்பலும், அல்லது பார்சல் சோறு. தோட்டை அடகு வைத்தோ சீட்டுப் பணத்தை முன்கூட்டி எடுத்தோ போக வேண்டாம். பணம் போதாவிட்டால் இடத்தைக் கிட்டத்தில் தேடுங்கள். மரக்கறித் தோட்டம் வைத்திருக்கும் குடும்பங்கள் பயணத்துக்கென்று ஒரு பாத்தியை ஒதுக்கலாம். கீரை மூன்று நாலு வாரத்தில் காசாகும்.

பணத்தையும் கணக்குக் கொப்பியையும் பிள்ளையின் கையில் கொடுங்கள். "தொலைத்துவிடுவான்" என்பார்கள். மூன்று வாரம் வீட்டை நடத்தியவன் தொலைக்கமாட்டான். சில்லறை குறைந்தால் அவனே விடை தேடட்டும்.

பிள்ளைக்கு ஒரு வார்த்தை. அம்மா நோவைச் சொல்லமாட்டார். காசு வீணாகிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நடப்பார். ஆகவே முகத்தைப் பார்த்துக்கொண்டு வா. முன்னால் ஓடாமல் பக்கத்திலே நட. "திரும்புவோம்" என்று சொல்லும் உரிமை உனக்கும் இருக்கிறது என்று புறப்படும் முன்னரே பேசி வைத்துக்கொள். தாய்மாருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அந்த நாளில் ஒரு மணித்தியாலத்தைப் பிள்ளையின் விருப்பத்துக்கு விடுங்கள். ஐஸ்கிறீம் கடையோ, போனில் படம் எடுப்பதோ, எதுவாயினும். புத்திமதி அந்த மணித்தியாலத்தில் வேண்டாம். மகளாயிருந்தால், பையையெல்லாம் அவளே சுமக்கிறாளா என்று பாருங்கள். வீட்டிலும் அவளே சுமந்தாள்.

படிப்பா வேலையா என்ற பேச்சை எங்கே தொடங்குவது? எமது அனுபவத்தில் போகும் வழியில் அல்ல. சாப்பிட்டு முடிந்து, இருவரும் களைத்து உட்காரும் நேரத்தில். தாய் தன் பயத்தை முதலில் சொன்னால் பிள்ளையும் சொல்லும்.

மறுநாளைக்கு எந்த வேலையும் வைக்காதீர்கள். பேர் போடுவதும் வேண்டாம், விருந்தாளியும் வேண்டாம். காயத்தைக் கண்ணாடியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

குழுவில் செய்வதற்கு: உங்கள் தோட்டத்திலிருந்து ஒரு நாளில் போய்வரக்கூடிய மூன்று இடங்களைத் தெரிவு செய்யுங்கள். ஒவ்வொன்றுக்கும் பஸ் நேரம், ஓட்டோக் கூலி, மலசலகூடம் உள்ள இடம், அருகிலுள்ள அரசாங்க ஆஸ்பத்திரி ஆகியவற்றை இளைஞர்களைக் கொண்டு விசாரித்து எழுதுவியுங்கள். அந்தத் தாளை மாதர் சங்கப் பலகையில் ஒட்டி வையுங்கள். அடுத்த மாதம் ஆஸ்பத்திரியிலிருந்து வரப்போகிறவர் யார் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். முதலில் அவர் வீட்டுக்குப் போய் அதைக் காட்டுங்கள்.