பூட்டும் சாவியும்: கைத்தொலைபேசிச் செய்திகளைப் பற்றி ஒரு பாடம்

கடிதப் போக்குவரத்து இருந்த காலத்தில் எதை எதில் எழுதுவது என்பதை நம் பெரியவர்கள் நன்கு அறிந்திருந்தனர். சுகம் விசாரிக்க அஞ்சலட்டை. குடும்ப விஷயத்திற்கு உறையிட்டு ஒட்டிய கடிதம். முக்கியமான பத்திரங்களுக்கு ரிஜிஸ்டர் தபால். அஞ்சலட்டையைப் பிறர் படிக்கக் கூடும் என்பது தெரிந்ததால், அதில் எழுதத் தகாததை எழுதாது விட்டனர். இன்றோ மரண அறிவிப்பும், கல்யாணப் பேச்சும், வங்கிக் கணக்கு எண்ணும், அடையாளக் கார்டின் படமும் ஒரே செயலியில், ஒரே விரலசைவில் போய்விடுகின்றன. அஞ்சலட்டை எது, ரிஜிஸ்டர் தபால் எது என்ற வேறுபாடு நம் மனத்திலிருந்தே மறைந்து வருகிறது.

அவ்வேறுபாட்டை மீண்டும் நினைவுக்குக் கொண்டுவருவதே இப்பாடத்தின் நோக்கம். செய்திச் செயலிகளில் நமக்குக் கிடைக்கும் சௌகரியம் பெரும்பாலும் ஒரு சாவியை வேறொருவர் கையில், அல்லது வேறோர் இடத்தில், கொடுத்து வைப்பதனால் கிடைப்பதாகும். கொடுப்பது தவறன்று. யாரிடம் கொடுத்தோம் என்று அறியாமல் கொடுப்பதே தவறு.

1. பூட்டு என்பது யாது?

நாம் அனுப்பும் செய்தி செயலியை நடத்தும் நிறுவனத்தின் சர்வர் வழியாகவே மற்றவரைச் சென்றடைகிறது. அனுப்புகிறவரின் கருவியிலேயே செய்தியைப் பூட்டி, பெறுகிறவரின் கருவியில் மட்டுமே அது திறக்கும்படி செய்யும் முறைக்கு முழு மறையாக்கம் என்று பெயர். இடையிலுள்ள நிறுவனத்திடம் அதற்குச் சாவி இராது. வாட்ஸ்அப் 2016 ஏப்ரலில் இம்முறையைத் தன் உரையாடல்கள் அனைத்திற்கும் ஏற்படுத்தியது. அது கையாளும் பூட்டு, சிக்னல் செயலியை உண்டாக்கியவர்கள் வகுத்ததேயாகும்.

டெலிகிராம் வேறு வழியில் சென்றது. அதிலுள்ள சாதாரண உரையாடல்களும் குழுக்களும் நிறுவனத்தின் சர்வரில் நிறுவனமே திறக்கக்கூடிய விதத்தில் தங்குகின்றன. அதனால்தான் எந்தக் கருவியில் நுழைந்தாலும் பழைய செய்திகள் யாவும் நம்முன் வந்து நிற்கின்றன. முழு மறையாக்கம் வேண்டுவோர் ‘இரகசிய உரையாடல்’ என்பதைத் தாமே தொடங்க வேண்டும். அது இருவருக்கிடையே மட்டும் நடைபெறும். தொடங்கிய கருவியை விட்டு வேறு கருவிக்கு வாராது. பூட்டு உறுதியான இடத்தில் சௌகரியம் குறைந்தது. சௌகரியம் மிகுந்த இடத்தில் சாவி நிறுவனத்திடம் நின்றது.

இன்னொன்றையும் அறிதல் நலம். உறையினுள் இருப்பது மறைந்தாலும், உறையின் மேலுள்ள விலாசம் மறைவதில்லை. யார் யாருக்கு, எப்போது எழுதினார் என்ற விவரம் பல செயலிகளில் நிறுவனத்திற்குத் தெரியும். 2016-ல் அமெரிக்காவில் நீதிமன்ற ஆணையின் பேரில் சிக்னல் நிறுவனத்திடம் ஒரு கணக்கைப் பற்றி விவரம் கேட்டபோது, கணக்குத் தொடங்கிய நேரத்தையும் கடைசியாக இணைந்த நாளையும் மட்டுமே அதனால் கொடுக்க முடிந்தது. வேறெதையும் அது சேர்த்து வைத்திருக்கவில்லை.

2. பூட்டு மிகக் கடினமானால்?

அப்படியானால் எல்லாவற்றையும் இறுகப் பூட்டிவிடலாமே எனச் சிலர் கேட்கலாம். அதற்கு ஒரு பழைய பரீட்சை பதில் சொல்கிறது. மின்னஞ்சலைப் பூட்டுவதற்காக பில் ஸிம்மர்மன் என்பவர் 1991-ல் பிஜிபி என்ற மென்பொருளை வெளியிட்டார். பூட்டு உறுதியானதே. எட்டு ஆண்டுகள் கழித்து, 1999-ல், விட்டன், டைகர் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் அதன் பிற்காலப் பதிப்பொன்றை 12 பேரிடம் கொடுத்து, 90 நிமிட அவகாசத்தில் ஒரு கடிதத்தை முறைப்படி பூட்டி அனுப்பச் சொன்னார்கள். மூன்றில் ஒரு பங்கினரே செய்து முடித்தனர். மூவர், காக்க வேண்டிய இரகசியத்தைப் பூட்டாமலேயே தவறி அனுப்பிவிட்டனர்.

கற்றவர்களுக்கே இப்படியென்றால், நம் வீட்டு மூதாட்டிக்கு என்ன சொல்வது? உபயோகிக்கக் கடினமான பூட்டை மக்கள் தூக்கி எறிந்துவிட்டுக் கதவைத் திறந்தே போட்டுவிடுவர். வாட்ஸ்அப் 2016-ல் செய்ததன் சிறப்பும் இதுவே: பூட்டுவதற்கு நாம் ஒன்றும் கற்க வேண்டியதில்லை. ஆகவே சௌகரியத்தைப் பாதுகாப்பின் பகைவனாக எண்ணுதல் கூடாது. ஓரளவு சௌகரியம் இல்லாவிடில் பாதுகாப்பே இல்லை.

3. நாம் சாவி கொடுக்கும் நான்கு இடங்கள்

(அ) காப்பு நகல். கைத்தொலைபேசி தொலைந்தாலோ கடலில் விழுந்தாலோ, பழைய செய்திகள் புதுக் கருவியில் திரும்பி வருவதற்குக் காரணம் கூகுள் டிரைவிலோ ஐகிளவுடிலோ இருக்கும் காப்பு நகல். அந்நகலுக்கும் முழு மறையாக்கம் செய்துகொள்ளும் வசதியை வாட்ஸ்அப் 2021 அக்டோபரில் அளித்தது. ஆனால் அதை நாமே அமைப்பில் தேடி இயக்க வேண்டும். இயக்காதவரின் செய்திகள் வழியில் பூட்டியும், கிடங்கில் அந்தப் பூட்டின்றியும் கிடக்கின்றன. அவருடைய கூகுள் கணக்குப் பிறர் கைக்குப் போனால் ஆபத்து அங்கேதான்.

இயக்குவதற்கும் விலை உண்டு. கடவுச்சொல்லையோ 64 இலக்கச் சாவியையோ வைத்துப் பூட்டியவர் அதை மறந்துவிட்டால், நிறுவனத்தாலும் திறந்து கொடுக்க இயலாது. காலஞ்சென்ற உம்மாவின் குரல் பதிவுகள் ஒருவரிடம் அந்நகலில் மட்டும் இருக்கலாம். கள்வனுக்கு அஞ்சிப் பூட்டி, சாவியையும் தொலைத்தால், அக்குரல் திரும்பாது. ஆகவே நாம் சொல்வது இது: பூட்டுங்கள், கடவுச்சொல்லைக் காகிதத்தில் எழுதி வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள், நம்பத்தக்க ஒருவருக்கு அவ்விடத்தைச் சொல்லுங்கள். அதைச் செய்ய இயலாத தனித்த முதியவருக்குச் சாதாரண நகலே மேல் என்பது நம் கருத்து. அவருக்கு உளவாளியைவிட மறதியே அருகிலிருக்கும் ஆபத்து. அருமையான பதிவுகளைத் தனியே வேறிடத்தில் எடுத்து வைப்பதும் நன்று.

(ஆ) பல கருவிகள். கடையிலுள்ள கம்ப்யூட்டரிலும் வாட்ஸ்அப்பைத் திறந்து வைத்தால் வேலை எளிது. முதன்மைக் கைத்தொலைபேசி தவிர மேலும் 4 கருவிகளை இணைக்கலாம். இணைத்த ஒவ்வொன்றும் ஒரு முழுச் சாவி. வேலையை விட்டுப் போனவரின் மேசையிலும் அது திறந்தபடி இருக்கலாம். கம்ப்யூட்டருக்கான வாட்ஸ்அப் பக்கத்தைப் போலவே தோன்றும் போலிப் பக்கங்களைச் செய்து, அதிலுள்ள கட்டப்படத்தை மக்கள் கைத்தொலைபேசியால் படமெடுக்கும் தருணத்தில் கணக்கில் நுழையும் மோசடியைப் பற்றிச் சிங்கப்பூர்ப் போலீசார் 2023-ல் எச்சரித்தனர்.

(இ) தொலைபேசி எண்ணும் 6 இலக்கமும். பெயரும் கடவுச்சொல்லும் இன்றி, எண் ஒன்றைக் கொண்டே கணக்குத் தொடங்குவது பெரிய சௌகரியம். ஆனால் குறுஞ்செய்தியில் வரும் 6 இலக்க எண் எவர் கைக்குப் போகிறதோ அவர் கைக்குக் கணக்கும் போகிறது. மோசடிக்காரர் முதலில் ஒருவர் கணக்கைப் பிடிப்பார். பின் அவர் பெயரிலேயே அவருடைய மச்சானுக்கு, “ஒரு நம்பர் தவறி உங்களுக்கு வந்துவிட்டது, அனுப்புங்கள்” என்று எழுதுவார். மச்சான் அனுப்புவார். அடுத்த மணி நேரத்தில் மச்சான் பெயரில் உறவினர் யாவரிடமும் அவசரக் கடன் கேட்கப்படும். மறையாக்கம் இங்கே ஒரு சிறிதும் உதவாது. பூட்டை உடைக்கவில்லை, சாவியை நாமே நீட்டினோம். இதற்கு மருந்து ‘இரண்டு-படிச் சரிபார்ப்பு’. நாமே வைக்கும் வேறொரு 6 இலக்க எண் அது. எப்போதாவது அதைக் கேட்டுச் செயலி தொல்லை கொடுக்கும். அந்தத் தொல்லை பொறுக்கத் தக்கது.

(ஈ) குழு. ஒரே செய்தியை நூறு பேருக்குச் சொல்வது சங்கங்களுக்குப் பெரும் உதவி. ஆயினும் குழுவின் பூட்டு, அதில் உள்ளவருள் மிகக் கவனக் குறைவானவரின் கைத்தொலைபேசி எவ்வளவு உறுதியோ அவ்வளவுதான். 2025 மார்ச்சில் அமெரிக்க அரசின் உயர் அதிகாரிகள் ஏமன் நாட்டின் மீது நடத்தவிருந்த தாக்குதலைப் பற்றிச் சிக்னல் குழுவொன்றில் பேசிக்கொண்டனர். ‘தி அட்லாண்டிக்’ பத்திரிகையின் ஆசிரியர் அக்குழுவில் தவறுதலாகச் சேர்க்கப்பட்டிருந்தார். யாவற்றையும் அவர் படித்தார். விஷயம் உலகறிய வெளிவந்தது. மிக உறுதியான பூட்டென மதிக்கப்படும் செயலியில் நடந்தது இது.

4. எதற்கு எது?

செய்திகளை மூன்று வகையாகப் பிரித்துக்கொள்வோம்.

முதல் வகை, ஊரறியச் சொல்வது: கூட்ட அறிவிப்பு, மரண அறிவிப்பு, கந்தூரி அழைப்பு. இதற்கு எந்தச் செயலியும், எவ்வளவு பெரிய குழுவும் தகும். இங்கே சௌகரியமே முதன்மை.

இரண்டாம் வகை, வீட்டோடு இருக்க வேண்டியது: பெண் பார்க்கும் பேச்சு, நோய் விவரம், கொடுக்கல் வாங்கல். இதற்கு முழு மறையாக்கமுள்ள செயலியில் தனி உரையாடலே தக்கது. சில நாட்களில் செய்தி தானே மறையும்படி வைப்பதும் நல்லது; எனினும் பெறுகிறவர் படமெடுத்து வைத்துக்கொள்வதை அது தடுக்காது என்பதை நினைவிற் கொள்க.

மூன்றாம் வகை, பிறரது அமானிதம்: அங்கத்தினர்களின் அடையாளக் கார்டு, பாஸ்போர்ட் படங்கள், வங்கி விவரம், உதவி நாடி வந்தவரின் பெயர். நம் இரகசியத்தை இழப்பது நம் இழப்பு; பிறர் நம்பிக் கொடுத்ததைச் சௌகரியத்திற்காகக் குழுவில் போட நமக்கு உரிமை இல்லை. இவற்றைப் பொறுப்பாளர் ஒருவருக்கு மட்டும் அனுப்பி, வேலை முடிந்ததும் இரு கருவிகளிலும் அழித்துவிட வேண்டும். உதவி பெற்றவரின் பெயர் எந்தக் குழுவிலும் வரலாகாது.

5. இன்றே செய்யத் தக்கவை

வாட்ஸ்அப் அமைப்பைத் திறந்து இரண்டு-படிச் சரிபார்ப்பை இயக்குக. ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ என்ற பகுதியில் தெரியாத கருவி இருப்பின் நீக்குக. காப்பு நகலைப் பற்றி மேற்சொன்னபடி முடிவு செய்க. பூட்டிய திரையில் செய்தியின் வாசகம் தெரியாதபடி அமைக்க. எவர் கேட்டாலும், சொந்தத் தம்பியே கேட்டாலும், 6 இலக்க எண்ணைக் கொடுக்க வேண்டாம். பணம் கேட்டுச் செய்தி வந்தால், அவரைத் தொலைபேசியில் அழைத்துக் குரலைக் கேட்டு, அவருக்கும் உங்களுக்கும் மட்டுமே தெரிந்த ஒன்றை வினவிய பின்பே மேற்கொண்டு நடக்க. பணம் போய்விட்டதெனில் வெட்கப்பட்டுத் தாமதிக்காமல் உடனே உங்கள் வங்கிக்குச் சொல்லுங்கள். மலேசியாவில் 997, சிங்கப்பூரில் 1799 என்ற எண்களையும் அழைக்கலாம்.

இவை யாவும் செய்து முடிக்கக் கால் மணி நேரம் போதும். தம் கைத்தொலைபேசியில் செய்து முடித்த இளைஞர்கள், வாப்பா, உம்மா, மாமி ஆகியோரின் கருவிகளையும் எடுத்து, செய்வது இன்னதென்று அவர்களுக்கு விளங்கச் சொல்லிச் செய்து கொடுப்பார்களாக. விளங்காமல் போட்ட பூட்டு அவர்களையே வெளியே நிறுத்திவிடக் கூடும்.