சிறு விளக்கும் மின்தடையும்

பம்பு செட் அறைக்கும் மாட்டுத் தொழுவத்துக்கும் 12 வோல்ட் பாட்டரியைக் கொண்டு எல்.இ.டி. விளக்கு அமைத்துக்கொள்வது எளிது, செலவும் சொற்பமே. ஆயினும் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களில் விவசாயமும் பட்டாசுத் தொழிலும் அருகருகே நடைபெறுவதால், அதனை முறையறிந்து அமைப்பது மிகவும் அவசியமாகும்.

கண்மாயில் நீர் நிறைந்திருக்கும்போது மடையை அளவாகத் திறந்தே வயலுக்கு நீர் பாய்ச்சுகிறோம். மடையில்லாவிடில் வாய்க்கால் உடையும். எல்.இ.டி.யின் நிலையும் அத்தகையதே. பழைய குண்டு பல்பின் இழை சூடேறியதும் அதன் தடை உயர்ந்து, மின்னோட்டம் தானே ஓர் அளவில் நிற்கும். எல்.இ.டி.க்கு அக்குணம் இல்லை. வெள்ளை எல்.இ.டி. ஏறக்குறைய 3 வோல்ட்டில் ஒளிரும். அதற்குமேல் அழுத்தம் சிறிது கூடினாலும் மின்னோட்டம் பன்மடங்கு பெருகி அது கருகிவிடும். ஆகையால் மடையைப்போல் ஒரு மின்தடையை, அதாவது ரெஸிஸ்டரை, அதனுடன் தொடராக இணைத்தல் வேண்டும்.

எவ்வளவு தடை வேண்டும்? பாட்டரியின் வோல்ட்டிலிருந்து விளக்கின் வோல்ட்டைக் கழித்து, மீதியை மின்னோட்டத்தால் வகுக்க வேண்டும். சிறு எல்.இ.டி.க்கு 20 மில்லி ஆம்பியர், அதாவது 0.02 ஆம்பியர், மேல் வரம்பாகும். 12 வோல்ட் பாட்டரி சார்ஜ் ஆகும்போது 14.4 வோல்ட் வரை உயர்வதுண்டு. கணக்கை அதற்கே போட வேண்டும். 14.4-இல் 3 போக மீதி 11.4, அதை 0.02-ஆல் வகுக்க 570 ஓம் வரும். கடையில் கிடைக்கும் அளவுகளில் இதற்கு மேற்பட்ட 680 ஓம் வாங்குவது நலம். நீலம், சாம்பல், பழுப்பு என்ற வரிசையில் அதன்மீது வளையங்கள் இருக்கும்.

இத்தடையில் சுமார் 0.2 வாட் வெப்பமாகப் போகிறது. கால் வாட் ரெஸிஸ்டர் இதைத் தாங்குமாயினும் நன்கு சூடேறும். அரை வாட் உள்ளதையே வாங்குக. மூன்று எல்.இ.டி.களை ஒன்றன்பின் ஒன்றாக இணைத்தால் 270 ஓம் போதும். வெப்பமாக வீணாவது குறைந்து, ஒளி மிகும். எல்.இ.டி.யின் நீண்ட கால் பாட்டரியின் பாஸிட்டிவ் பக்கம் நோக்கியிருத்தல் வேண்டும். ரெஸிஸ்டருக்கு அவ்விதப் பக்கபேதம் இல்லை.

இனி முக்கியமான எச்சரிக்கை. பாட்டரியின் இரு முனைக் கம்பிகளும் தவறி ஒன்றையொன்று தொட்டால் பொறி பறக்கும். கம்பி பழுக்கக் காயும். எனவே பாஸிட்டிவ் முனையை ஒட்டியே தகுந்த பியூஸ் ஒன்றை அமைத்திடுக. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசிக்கு அருகே முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் நேர்ந்த வெடிவிபத்தில் 30-க்கு மேற்பட்டோர் மாண்டதை நாம் மறத்தலாகாது. பட்டாசு மருந்து பற்றுவதற்கு ஒரு சிறு பொறி போதும். ஆதலின் வீட்டில் செய்த இவ்விளக்கை மருந்து கலக்கும் அறைக்கோ, பட்டாசு வைத்துள்ள இடத்துக்கோ ஒருபோதும் கொண்டு செல்லலாகாது. அங்கு விதிகள் அனுமதிக்கும் சாதனங்களுக்கே இடமுண்டு. அவ்வாறே, 230 வோல்ட் வீட்டு மின்சாரத்துக்கும் மேற்கண்ட கணக்கு பொருந்தாது. அது தேர்ந்த மின்பணியாளரின் வேலையாகும்.

பஞ்சாயத்து அங்கத்தினர்கள் தத்தம் ஊர் இளைஞர்களுக்கு இக்கணக்கையும் இவ்வெச்சரிக்கையையும் சேர்த்தே எடுத்துரைப்பார்களாக. ஒன்றை விட்டு ஒன்றைக் கற்பிப்பதால் பயனில்லை.