பக்கத்து வீட்டு வாயிலில் நிற்கும் கார்

இல்லறத்தார் மேற்கொள்ள வேண்டிய அணுவிரதங்கள் ஐந்தனுள் இறுதியாக நிற்பது மிகுபொருள் விரும்பாமை. இதனைப் பொருள் வரைதல் என்றும் கூறுவர். கொல்லாமை பற்றியும் பொய்யாமை பற்றியும் நம் இல்லங்களில் அடிக்கடி பேசுகிறோம். ஐந்தாவதைப் பற்றிப் பேச நேர்ந்தால், "அது செல்வர்க்கு உரியது, நமக்கென்ன?" என்று கடந்து விடுகிறோம். அவ்வாறு கடத்தல் பொருந்துமா என்பதை இப்பாடத்தில் ஓர் எடுத்துக்காட்டின் வழியே ஆராய்வோம். விலையுயர்ந்த காரே அவ்வெடுத்துக்காட்டு.

1. கார் ஏன்?

பெட்டியில் உள்ள பொன்னும் வங்கியில் உள்ள பணமும் பிறர் கண்ணுக்குத் தெரியா. காரோ தெருவில் நிற்பது. அதன் விலையைச் சிறுவரும் அறிவர். அதிலும், இருவர் மட்டுமே அமரக்கூடிய, மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் செல்லவல்ல பந்தயப் பாங்கான கார்களை எண்ணிப் பாருங்கள். நம் நாட்டுச் சாலைகளில் அவ்வேகத்தில் பாதியளவு செல்வதற்கும் சட்டம் இடம் தருவதில்லை. எனவே அதற்குத் தரும் விலை பயணத்திற்காக மட்டும் தரப்படுவது அன்று. பிறர் காண்பதற்காகவும் தரப்படுவதாகும். இவ்வாறு பிறர் மதிப்பைப் பெறுதற்பொருட்டுச் செய்யும் செலவைப் பற்றித் தார்ஸ்டைன் வெப்லன் என்னும் அமெரிக்க அறிஞர் 1899 ஆம் ஆண்டிலேயே விரிவாக எழுதினார்.

காட்டுவோர் ஒருவர் எனின் காண்போர் பலர் அல்லரோ? அவர்கள் உள்ளத்தில் நிகழ்வது யாது?

2. நெதர்லாந்தில் நடந்த ஆய்வு

இவ்வினாவிற்கு விடை காண்பது எளிதன்று. செல்வர் பக்கத்தில் செல்வரே குடியிருப்பது இயல்பு. ஆதலால், அண்டை வீட்டாரைப் பார்த்துக் கார் வாங்கினாரா, தம் வசதியால் வாங்கினாரா என்று பிரித்தறிய இயலாது. நெதர்லாந்து நாட்டின் அஞ்சல் குறியீட்டுப் பரிசுச்சீட்டு இச்சிக்கலை அவிழ்க்க உதவியது. (பரிசுச்சீட்டு சூதின் பாற்படுவது, அதனைப் போற்றுவது நம் நோக்கமன்று. ஆய்வின் பயனையே இங்குக் கொள்கிறோம்.)

அந்நாட்டில் ஓர் அஞ்சல் குறியீட்டிற்குள் சராசரியாக 19 வீடுகள் அடங்கும். ஆய்வு நடந்த காலத்தில் வாரந்தோறும் ஒரு குறியீடு குலுக்கி எடுக்கப்பட்டது. அக்குறியீட்டிற்குள் சீட்டு வாங்கியிருந்தோர் அனைவர்க்கும் பணப்பரிசு கிடைத்தது. அது சராசரியாக எட்டு மாத வருமானத்திற்கு ஈடாக இருந்தது. அவர்களுள் ஒருவருக்குப் புத்தம்புதிய பி.எம்.டபிள்யூ. காரும் கிடைத்தது. சீட்டு வாங்காதார்க்கு ஒன்றுமில்லை. இங்ஙனம், ஒரே தெருவில் சிலர் வீட்டிற்கு மட்டும் திடீரென்று பொருள் வந்து சேர்ந்தது.

பீட்டர் கூன் முதலிய நான்கு பொருளியலார் இத்தகைய தெருக்களை ஆராய்ந்து, 2011 ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டனர். அவற்றுள் மூன்று நம் கருத்திற்கு உரியவை.

முதலாவது, பி.எம்.டபிள்யூ. காரைப் பரிசாகப் பெற்றவருள் மிகப் பெரும்பாலோர் அதனை விற்றுப் பணமாக்கிக் கொண்டனர்.

இரண்டாவது, பரிசு பெற்றவரின் அடுத்த வீட்டில் குடியிருந்து, தாம் சீட்டே வாங்காதிருந்தவர், அத்தகைய அண்டை வீட்டார் இல்லாத பிறரைக் காட்டிலும் காருக்கு மிகுதியாகச் செலவிட்டனர். அவர் வருமானமோ ஒரு காசும் உயரவில்லை.

மூன்றாவது, ஆறு மாதங்கள் கழிந்தபின் வினவியபோது, பரிசு பெற்றோரின் மகிழ்ச்சி மற்றவரைவிட மிகுந்திருக்கவில்லை.

3. நாம் அறிவது

இரண்டாம் முடிவை மீண்டும் ஒருமுறை படிக்குமாறு வேண்டுகிறோம். பொருள் வந்தது ஒரு வீட்டிற்கு. செலவு வந்தது அடுத்த வீட்டிற்கு. வகுப்பறையில் நெடுங்காலம் நின்ற நமக்கு இது புதுமையன்று. ஒரு மாணவியின் கையில் புதுவகைப் பேனா தோன்றினால், மறுவாரமே அவ்வரிசை முழுவதும் அப்பேனா முளைத்துவிடும். பேனாவிற்குத் தந்தையின் சட்டைப்பை போதும். காருக்கு ஐந்தாண்டு, ஏழாண்டுத் தவணை வேண்டும். மகளின் படிப்பிற்கெனச் சேர்த்த பணமும், முதியோர் மருத்துவத்திற்கென ஒதுக்கிய பணமும் அத்தவணையில் கரையுமாயின், அப்பெரும் இழப்பிற்குக் காரணம் தேவை அன்று. பக்கத்து வீட்டு வாயில்.

வாங்க இயலாதவர் நிலை வேறு. "இவ்வளவு பணம் எவ்வழியில் வந்ததோ?" என்று புறங்கூறுவோர் உண்டு. நின்ற காரை ஆணியால் கீறிச் செல்வோரும் உண்டு. பிறர்பொருள் தம்மிடம் இல்லாதபோதும் அதன் பற்று இவர்களைப் பிணித்திருத்தலைக் காண்க.

4. ஆசாரியர் வகுத்த நெறி

தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் இயல், பொருள்மீது கொள்ளும் மயக்கத்தையே பரிக்கிரகம் என்று வரையறுக்கிறது. ஆகவே பொருள் இல்லாமையே பற்றின்மை ஆகிவிடாது.

சமந்தபத்திர ஆசாரியர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் இவ்விரதத்திற்கு ஐந்து அதிசாரங்களைக் கூறுகிறார். அவற்றுள் முதலாவது அதிவாகனம். இதற்கு, விலங்குகளை அளவு கடந்து ஓட்டுதல் என்றும், தேவைக்கு மேல் ஊர்திகளை வைத்திருத்தல் என்றும் இருவகையாகப் பொருள் கொள்வர். அதிசங்கிரகம், உலோபம், மிகுபாரம் சுமத்தல் ஆகியவற்றுடன் விசுமயம் என்பதையும் அவர் சேர்க்கிறார். விசுமயமாவது பிறர் செல்வத்தைக் கண்டு வியந்து மயங்குதல். நோக்குக: வைத்திருப்பவன் குற்றத்தைக் கூறிய அதே இடத்தில், வியந்து நிற்பவன் குற்றமும் கூறப்பட்டது. ஐந்தாம் விரதம் செல்வர்க்கு மட்டும் உரியது அன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

5. இல்லத்தில் செய்யத்தக்கன

கார் வாங்குதல் தீது என்பது நம் கருத்தன்று. முதிய பெற்றோரை அழைத்துச் செல்லவும், தொழிலுக்கும், திருத்தல வழிபாட்டிற்கும் ஊர்தி வேண்டும். ஆனால் அளவை ஆசை தோன்றுமுன் வரையறுக்க வேண்டும். தோன்றியபின் வரையும் அளவு ஆசையின் அளவாகவே அமைந்துவிடும். ஆண்டிற்கொரு முறை குடும்பத்தார் அனைவரும் கூடி, "இவ்வளவு போதும்" என்று ஏட்டில் எழுதிக் கொள்வது நலம். புதுக் கார் வாங்கிய அண்டை வீட்டாரைக் கண்டால் மனமார வாழ்த்துக. அன்றிரவே விலைப்பட்டியலைத் தேடாதிருக்க.

சிந்தனை வினாக்கள்

1. நம் இல்லத்தில் சென்ற ஆண்டு வாங்கிய பொருள்களுள், பிறர் வீட்டில் கண்டபின் வாங்கியவை எவை?

2. ஒருவரும் காணார் எனின், அவற்றுள் எதனை வாங்கியிருக்க மாட்டோம்?

3. பரிசாக வந்த காரைப் பெரும்பாலோர் விற்றது எதனைக் காட்டுகிறது?

பெற்றோர் தம் மக்களுடன் அமர்ந்து இவற்றிற்கு விடை காண்பாராக. விடைகளை முதலில் பெரியோர் கூறட்டும். பிள்ளைகள் கேட்டுக் கற்பர்.