ஒரு மெத்தை, இரண்டு உடல்கள்

நெய்வேலியில் சுரங்கமும் அனல்மின் நிலையமும் ராத்திரி பகல் பார்ப்பதில்லை. டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் ஒருவர் நைட் ஷிப்ட் முடிந்து வந்து படுக்கிற நேரத்தில் இன்னொருவர் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கிளப்பிக்கொண்டிருப்பார். கணவனும் மனைவியும் ஒரே நேரத்தில் கட்டிலில் இருப்பதே அந்த வாரத்து ஷிப்ட்டைப் பொறுத்தது. அப்படிப்பட்ட ஊரில்கூட மெத்தை வாங்கும்போது விலை, கம்பெனி, வாரண்டி மூன்றையும் விசாரிப்பார்களே தவிர, தாம்பத்தியத்துக்கு இது சரிப்படுமா என்று யாரும் வாய் திறப்பதில்லை. கேட்கக் கூச்சப்படும் விஷயத்தில் வாய்வழி நம்பிக்கைகளுக்கா பஞ்சம்?

நம்பிக்கை: கெட்டி மெத்தைதான் முதுகுக்கு நல்லது

மருத்துவர்களே நெடுங்காலம் இப்படித்தான் சொல்லி வந்தார்கள். ஸ்பெயினில் நாள்பட்ட இடுப்புவலி உள்ள 313 பேரிடம் நடந்த ஆய்வு ஒன்று 2003இல் ‘லான்செட்’ இதழில் வெளியானது. ஏறக்குறைய பாதிப் பேருக்குக் கெட்டி மெத்தை, மற்றவர்களுக்கு நடுத்தரமானது. யாருக்கு எது என்று அவர்களிடம் சொல்லவில்லை. 90 நாள் கழித்துப் பார்த்தபோது, நடுத்தர மெத்தையில் படுத்தவர்களுக்குத்தான் வலி நன்றாகக் குறைந்திருந்தது. ஒருக்களித்துப் படுக்கும்போது தோளும் இடுப்பும் சற்றே உள்ளே இறங்கினால்தான் முதுகெலும்பு நேராக நிற்கும். பலகை போன்ற மெத்தை அதற்கு இடம் கொடுக்காது. ‘ஆர்த்தோ’ என்று மேலே ஒட்டியிருக்கிறதே என்பீர்கள். அது விற்பனைப் பெயர், மருத்துவச் சான்றிதழ் அல்ல.

உறவின்போதும் இதே கணக்குதான். கெட்டி மெத்தையில் முட்டியும் முழங்கையும் நோகும். ஆளை விழுங்குகிற மெத்தையில் இடுப்பு பள்ளத்தில் இறங்கிவிடுவதால் முதுகு தேவையில்லாமல் உழைக்கும்.

இதிலேயே இன்னொரு பழைய அறிவுரையும் உண்டு: முதுகுவலிக்காரர்கள் ஒருக்களித்தபடி உறவு கொண்டால் போதும், ஆபத்தில்லை என்பது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் 10 தம்பதிகளின் முதுகெலும்பு அசைவைக் கருவிகள் வைத்துப் பதிவு செய்து, 2014இல் முடிவை வெளியிட்டார்கள். குனிந்தாலோ, நெடுநேரம் உட்கார்ந்தாலோ வலி கூடுகிறவர்களுக்கு அந்தப் பக்கவாட்டு நிலை பொருந்தவில்லை. மண்டியிட்டு, முதுகை வளைக்காமல் இடுப்பு மூட்டிலிருந்து அசைவதே அவர்களுக்குத் தேவலை என்று தெரிந்தது. பின்னால் சாய்ந்தால் வலிக்கிறவர்களுக்குக் கணக்கே வேறு. ஆகவே முதுகுவலி இருந்தால், கடையில் மல்லாந்து படுத்துப் பார்ப்பதோடு நிற்காமல் மெத்தைமேல் கையூன்றி மண்டியிட்டும் பாருங்கள். முட்டி தரைவரை புதைந்தால் அது உங்களுக்கு வேண்டாம். பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று தயங்காதீர்கள். காசு கொடுப்பது நீங்கள்.

நம்பிக்கை: துளியும் குலுங்காத மெத்தைதான் உசத்தி

பாதி சரி. ஷிப்ட் வீட்டில் ஒருவர் எழுந்தால் மற்றவர் விழிக்காமல் இருப்பது பெரிய வரம். அந்த வேலையை மெமரி ஃபோம் நன்றாகவே செய்கிறது. 1960களில் நாசாவுக்காக விமான இருக்கைகளின் மெத்தையாக உருவாக்கப்பட்ட பொருள் அது. உடல் சூட்டில் இளகும், அழுத்தினால் மெல்ல மெல்லத்தான் மேலே வரும். சிக்கலும் அந்த மெதுவில்தான். புரண்டு படுக்க, நிலை மாற, மெத்தை நம்மைத் திருப்பித் தள்ள வேண்டும். மெமரி ஃபோம் பிடித்து வைத்துக்கொள்ளும். போதாக்குறைக்கு, நம் சித்திரை வைகாசியில் ஏசி இல்லாத அறையில் முதுகுச் சூட்டையும் தேக்கி வைக்கும்.

என் ஓட்டு பாக்கெட் ஸ்பிரிங்குக்கு. ஒவ்வொரு சுருளும் தனித்தனித் துணிப்பையில் இருப்பதால் ஒருவர் அசைவு மற்றவருக்கு அதிகம் எட்டாது. உள்ளே காற்றும் ஓடும். மேலே ஒரு லேடெக்ஸ் அடுக்கு இருந்தால் இன்னும் நல்லது. அது அழுத்தியவுடன் எழும்பிவிடும். சுருள்கள் ஒன்றோடொன்று பின்னியிருக்கும் பானல் ஸ்பிரிங்கின் விலை குறைவு, ஆட்டம் அதிகம். கயிறு மெத்தை எனப்படும் தேங்காய்நார் மெத்தைதான் கையில் உள்ள பணத்துக்குக் கட்டும் என்றால், மேலே இரண்டு அங்குல மென்மையான அடுக்கு ஒன்று போட்டுக்கொள்ளுங்கள்.

நம்பிக்கை: ஃபோம் மெத்தைச் சூடு ஆண்மையைக் குறைக்கும், இலவம்பஞ்சு கூட்டும்

இலவம்பஞ்சில் தூங்கச் சொல்லி ஔவையாரே ஆத்திசூடியில் பரிந்துரைத்திருக்கிறார். உள்ளே காற்று நிறைந்த, மெழுகுப் பூச்சுள்ள இழை அது; தண்ணீரை எளிதில் உறிஞ்சாது, உயிர்காக்கும் மிதவைச் சட்டைகளுக்கே ஒரு காலத்தில் அதைத்தான் அடைத்தார்கள். வேர்க்கும் ஊருக்கு ஏற்ற பஞ்சு என்பதில் சந்தேகமில்லை. ஆனால் இருவர் எடையில் சீக்கிரம் அமுங்கிக் கட்டி தட்டும். அவ்வப்போது வெயிலில் போட்டு உதறவேண்டும்.

ஆண்மைப் பேச்சு தனி. விரைகள் உடல் சூட்டைவிடச் சில டிகிரி குறைந்த வெப்பத்தில்தான் விந்தணுவை ஒழுங்காக உண்டாக்கும். கடும் காய்ச்சல், அடிக்கடி நீராவிக் குளியல் போன்றவை எண்ணிக்கையைத் தற்காலிகமாகக் குறைக்கலாம். விறைப்பு என்பது வேறு கதை. அது ரத்த ஓட்டமும் நரம்பும் மனமும் சேர்ந்த விஷயம். அதில் தொடர்ந்து சிக்கல் இருந்தால் மெத்தையை மாற்றிக்கொண்டிருக்காமல் சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் சோதியுங்கள். நீரிழிவும் இதய நோயும் சிலருக்கு முதலில் தலைகாட்டுவது அங்கேதான்.

நம்பிக்கை: சத்தம் போடுவது மெத்தை

பெரும்பாலும் கட்டில். பக்கத்து அறையில் மாமியாரோ வளர்ந்த பிள்ளைகளோ இருக்கும் வீட்டில் பல தம்பதிகளின் தயக்கத்துக்கு இந்தக் கிறீச்சொலியே காரணம். ஆணி, போல்ட்டுகளை இறுக்குங்கள். கட்டை கட்டையோடு உரசும் இடத்தில் துணியோ ரப்பர் துண்டோ வையுங்கள். கட்டிலைச் சுவரிலிருந்து கொஞ்சம் நகர்த்துங்கள். செலவு அவ்வளவுதான்.

நம்பிக்கை: மெத்தை இரண்டானால் மனமும் இரண்டாகும்

ஜெர்மனியில் தம்பதிகளின் கட்டிலில் இரண்டு மெத்தைகள் இருப்பது சகஜம். எடையில் பெரிய வித்தியாசம் இருந்தால் ஆளுக்கொரு மெத்தையை ஒட்டிப் போட்டு, நடு இடைவெளியை மறைக்க மேலே ஒரே விரிப்படுக்கு போட்டுக்கொள்ளலாம். குடும்பம் பிரியாது.

நம்பிக்கை: சீர் மெத்தையைப் பெரியவர்கள் பார்த்து வாங்கினால் போதும்

இதுதான் எல்லாவற்றிலும் மோசமானது. கட்டில், பீரோவோடு மெத்தையும் வந்து இறங்கும். படுக்கப்போகும் இருவரும் அதற்கு முன் அதைத் தொட்டுக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காமலே வருஷக்கணக்கில் படுப்பவர்களும் உண்டு. வேர்வைக்கும் சரசரப்புக்கும் அதுவே காரணம். பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: மந்தாரக்குப்பமோ கடலூரோ, மெத்தைக் கடைக்கு மணமக்களை அனுப்புங்கள். இருவரும் சேர்ந்து படுத்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்கட்டும். பில்லை மட்டும் நீங்கள் கட்டுங்கள்.