மூன்று மரை

அன்புள்ள தம்பிக்கு,

சனிக்கிழமை நீ முறித்த ஸ்க்ரூவின் தலை என் மேசைமேல் கிடக்கிறது. உடம்பு பாய்மரத்துக்குள்ளேயே நிற்கிறது. நீ சாப்பிடாமலே வீட்டுக்குப் போய்விட்டதாகப் பையன்கள் சொன்னார்கள். நேரில் பேசினால் திட்டுகிற மாதிரி இருக்கும், அதனால்தான் எழுதுகிறேன்.

அந்த இடத்தை ஒருமுறை நினைத்துப் பார். பாயின் அடிக்கட்டையான பூம் வந்து பாய்மரத்தில் மாட்டும் கூஸ்நெக். பாய்மரம் அலுமினியம், ஸ்க்ரூ ஸ்டெயின்லெஸ். மரத்தின் சுவர்க் கனம் 3 மில்லிமீட்டர். 6 மில்லிமீட்டர் ஸ்க்ரூவுக்கு மரைக்கு மரை இடைவெளி 1 மில்லிமீட்டர். அரைநாள் முழுக்க நீ மல்லுக்கு நின்றது மூன்றே மரையோடு. மூன்று மரைக்கு அவ்வளவு பிடி ஏது? ஸ்க்ரூவைச் சுற்றி வெள்ளையாகப் பொடி பூத்திருந்ததே, பிடித்துக்கொண்டிருந்தது அதுதான். இரண்டு உலோகம் ஒட்டி நின்று நடுவில் உப்புத்தண்ணீர் தங்கினால் அது ஒரு பேட்டரி. இந்த ஜோடியில் கரைவது அலுமினியம். கரைந்து பொடியானதும் முன்பு இருந்த இடம் அதற்குப் போதாது, மரை இடுக்கெல்லாம் ஆப்பு வைத்த மாதிரி அடைத்துக்கொள்ளும்.

‘ஸ்க்ரூ துருப்பிடித்துவிட்டது’ என்று நீ சொன்னாய். இந்தத் தலையைப் பார், இன்னும் பளபளக்கிறது. நோய் மரத்துக்கு. ஸ்க்ரூ கடையில் எண்ணி வாங்கலாம். பாய்மரம் கப்பலில் வர வேண்டும். எதை விட்டுக்கொடுப்பது என்று டிரைவரைக் கையில் எடுக்குமுன்பே தீர்மானித்துவிட வேண்டும்.

டிரைவர் என்றதும் நினைவு வருகிறது. நீ எடுத்தது சாதாரண ஸ்டார். அந்த ஸ்க்ரூ தலையில் பெரிய கூட்டல்குறிக்கு நடுவே மெல்லிசாக இன்னும் நான்கு கோடு இருக்கிறது, கண்ணாடி போட்டுப் பார். அது போசிட்ரைவ். ஐரோப்பாவில் செய்த படகுகளில் நிறைய வரும். அதில் சாதாரண ஸ்டாரை வைத்தால் உட்காரும், ஆனால் அழுத்தித் திருப்பும்போது வழுக்கி மேலே ஏறும். இரண்டு முறை வழுக்கினால் குழி மொழுமொழுவென்று ஆகிவிடும். சரியான டிரைவரின் நுனியில் வால்வ் கிரைண்டிங் பேஸ்ட் கொஞ்சம் தடவிக்கொண்டால் நல்ல பிடி கிடைக்கும். மெக்கானிக் கடைகளில் இருப்பதுதான்.

அடுத்தது அந்த நீல டப்பா ஸ்ப்ரே. டபிள்யூடி-40 என்பதற்கு அர்த்தமே தண்ணீரை விரட்ட முயன்ற 40-வது கலவை என்பதுதான். 1953-ல் அமெரிக்காவில் சான் டியேகோவில், ராக்கெட் பாகங்கள் துருப்பிடிக்காமல் இருக்கச் செய்தது. குறை சொல்லவில்லை, ஆனால் இறுகிய மரைக்குள் இறங்குவதற்கென்றே தனி எண்ணெய் விற்கிறது. எண்ணெய்க்கும் முன்னால் நல்ல தண்ணீர். உப்பு தண்ணீரில்தான் கரையும், எண்ணெயில் கரையாது. ஊசியால் பொடியைச் சுரண்டு, வெந்நீரை ஊற்று, காயவிடு, பிறகு எண்ணெய் விடு. விட்டுவிட்டு வீட்டுக்குப் போ. மறுநாள் காலையிலும் இரண்டு சொட்டு. படகுக்காரர் அவசரப்படுத்துவார், டீ வாங்கிக் கொடுத்து உட்கார வை.

சூடு காட்டலாம். அலுமினியம் ஸ்டெயின்லெஸ்ஸைவிட அதிகம் விரியும். கணக்குப் போட்டால் சிரிப்பு வரும்: 6 மில்லிமீட்டர் ஓட்டையை 30 டிகிரியிலிருந்து 100-க்குக் கொண்டுபோனால், ஸ்க்ரூவைவிட அது கூடுதலாக விரிவது 3 மைக்ரான். தலைமுடிக் கனத்தில் ஒரு சின்னத் துணுக்கு. ஆனாலும் அந்தப் பொடியின் கட்டை உடைக்க அது போதும். கொதிக்கிற தண்ணீர், இல்லையென்றால் ஹீட் கன். கேஸ் டார்ச் மட்டும் வேண்டாம்.

ஏன் என்றால், உன் வயதில் நான் அதைச் செய்திருக்கிறேன். இதே மாதிரி ஒரு கூஸ்நெக். டார்ச்சைக் காட்டினேன், ஸ்க்ரூ வெண்ணெய் மாதிரி வந்தது. எனக்கு ஒரே பெருமை. இரும்பு சிவந்து காட்டிக்கொடுக்கும், அலுமினியம் உருகும்வரை நிறம் மாறாது. பாய்மர அலுமினியத்தின் வலு பக்குவமாகச் சூடுகாட்டி ஏற்றியது. 200 டிகிரியைத் தாண்டினால் இறங்கத் தொடங்கிவிடும். நான் காட்டியது எத்தனை டிகிரியோ. அந்தப் பருவத்திலேயே, ஒரு சாதாரணக் காற்றில், சரியாக அந்த இடத்தில் மரம் மடிந்தது. படகில் இருந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. நான்தான் ரொம்ப நாள் அந்தப் பக்கம் போகவில்லை.

திருப்பும்போது முதலில் இறுக்குகிற பக்கமாக ஒரு மயிரிழை. பிறகு கழற்றுகிற பக்கம். மறுபடி இறுக்கு. ‘கிரீச்’ என்று ஒரு சத்தம் வரும், அது வந்தால் பாதி வேலை முடிந்தது. வராவிட்டால், சுத்தியலால் அடிக்க அடிக்கத் திரும்பும் இம்பாக்ட் டிரைவர். அதற்கு மரம் மணல்மூட்டைமேல் படுத்திருக்க வேண்டும். வெறும் தாங்கிச் சட்டத்தின்மேல் வைத்து அடித்தால் குழாய் நசுங்கும். பக்கவாட்டுக் கம்பிகளை இறுக்கும் டர்ன்பக்கிளில் வேறொரு வில்லங்கம்: ஒரு முனை இடது மரை. கழற்றுகிறேன் என்று இறுக்கிக்கொண்டே இருப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஸ்டெயின்லெஸ்ஸுக்குள் ஸ்டெயின்லெஸ் எண்ணெயில்லாமல் பலமாகத் திரும்பினால் ஒன்றோடொன்று ஒட்டியே போகும், அப்புறம் ரம்பம்தான்.

உள்ளே நிற்கும் ஸ்க்ரூவின் உடம்பை டிரில் போட்டுத்தான் எடுக்க வேண்டும். நடுவில் பஞ்ச் வைக்காமல் தொடங்காதே. டிரில் நழுவினால் மெத்தென்ற அலுமினியத்தைத்தான் தேடிப் போகும். கோபால்ட் பிட், மெதுவான வேகம், நல்ல அழுத்தம், எண்ணெய். வேகமாகத் தேய்த்தால் ஸ்டெயின்லெஸ் இன்னும் கெட்டியாகும்.

கட்டுமரத்தில் ஒரு ஸ்க்ரூகூடக் கிடையாது. கயிற்றால் கட்டி ஓட்டுவார்கள், கரையேறியதும் அவிழ்த்து மரங்களைக் காயப்போடுவார்கள். அடிக்கடி அவிழ்க்கிற கட்டு இறுகிப்போவதில்லை. நம்மிடம் வரும் படகுகளிலோ, பூட்டியபின் யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். வருஷத்துக்கு ஒருமுறை, வடகிழக்கு மழைக்கு முன்னால், ஒவ்வொரு ஸ்க்ரூவையும் அரைச் சுற்றாவது கழற்றிப் பூட்டப் படகுக்காரர்களிடம் சொல்லு. நீ பூட்டும்போது டூராலாக் தடவு. அந்த மஞ்சள் பசை இரண்டு உலோகத்தையும் தொடவிடாது. பேரியம் குரோமேட் கலந்தது, கையுறை இல்லாமல் தொடாதே. கூஸ்நெக் தகட்டுக்கு அடியில் நைலான் வாஷர் ஒன்று.

உடைந்த ஸ்க்ரூவைச் சுற்றி வெந்நீர் விட்டு, எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன். நாளைக் காலையிலும் போடுவேன். திங்கட்கிழமை நீயே டிரில் பிடி, நான் மணல்மூட்டையைப் பார்த்துக்கொள்கிறேன். 4 மில்லிமீட்டர் கோபால்ட் பிட் நம்மிடம் இல்லை, வரும்போது இரண்டு வாங்கி வா. சாப்பிட்டுவிட்டு வா.

அண்ணன்