பற்றரிக்கும் அளவாய்ப் பாய்ச்சுவோம்

1990இல் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றபின், பல வீடுகளில் விளக்குக்கும் வானொலிக்கும் பழைய கார் பற்றரியே கைகொடுத்தது. 2022இல் நாடெங்கும் நாளுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு வந்தபோது கொழும்பும் அதன் அருமையை அறிந்தது. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ வாடகை அறையில் இருக்கும் குடும்பத்துக்கு ஒரு பற்றரி வாங்குவதே பெரும்பாடு. அதைக் காப்பது எப்படி?

ஏன் பழுதாகிறது?

பயிர் காய்ந்தாலும் கருகும்; வெள்ளம் நின்றாலும் அழுகும். பற்றரியும் அப்படியே. மின் குறைந்து கிடந்தால் ஈயத் தகடுகளில் சல்பேற்று இறுகும். நிறைந்தபின்னும் மின் செலுத்தினால் உள்ளிருக்கும் நீர் வாயுவாகப் பிரிந்து, தகடுகள் வரண்டு உதிரும். மலிவான சார்ஜர்கள் பலவற்றுக்கு எங்கே அடங்குவது என்று தெரியாது.

தானே அடங்கும் சார்ஜர்

இதற்கான பொருட்கள் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் கிடைக்கும்.

1. 230 வோல்ற்றை 15 வோல்ற்றாக்கும் 3 அம்பியர் ட்ரான்ஸ்போமர். இதன் 230 வோல்ற் பக்கத்தை மின்வேலை தெரிந்தவரே இணைக்கட்டும்.

2. அதன்பின் நான்கு டயோட் கொண்ட பாலம். அதன் குறுக்கே 4700 மைக்ரோபரட், 35 வோல்ற் கப்பாசிற்றர்.

3. எல்.எம். 317 சீராக்கி. எழுத்து உங்களைப் பார்க்க இடக்கால் சீராக்கல், நடு வெளியீடு, வலம் உள்ளீடு. வெளியீட்டுக்கும் சீராக்கலுக்கும் இடையே 120 ஓம் தடை. சீராக்கலிலிருந்து மறைமுனைக்கு 1000 ஓம் தடையும் 500 ஓம் மாறுதடையும் தொடராக. சூடு தணிய அலுமினியத் தகட்டில் பூட்டுங்கள். தகடு வேறெதிலும் முட்டக்கூடாது.

4. வெளியீட்டில் 3 அம்பியர் டயோட், பின் 3 அம்பியர் பியூஸ். மின் நின்றால் பற்றரியின் மின் திரும்பி ஓடாமல் டயோட் தடுக்கும்.

பற்றரியைப் பூட்டுமுன் சிறு 12 வோல்ற் பல்ப்பை இணைத்து, மீற்றர் 13.6 காட்டும்வரை மாறுதடையைத் திருப்புங்கள். பற்றரி நிறைய நிறைய மின்னோட்டம் தானே குறையும். பாதி இறங்கிய 40 அம்பியர்-மணி பற்றரிக்கு ஏறத்தாழ ஒரு நாள் எடுக்கும். வேகம் குறைவு, ஆயுள் கூடுதல்.

கவனம்

வெளிவரும் ஐதரசன் தீப்பொறி பட்டால் வெடிக்கும். யன்னலைத் திறந்து வையுங்கள்; குப்பிவிளக்கு அருகில் வேண்டாம். மூடி திறக்கும் பற்றரிக்குக் காய்ச்சி வடித்த நீரே ஊற்றுக. கிணற்று நீரின் சுண்ணாம்பு தகட்டைக் கெடுக்கும். ஓய்வில் 12.6 வோல்ற் என்றால் நிறைவு, 12.2 என்றால் பாதி. அதற்குக் கீழே இறங்க விடாதீர்கள்.

கலந்துரையாட

நமது பற்றரி எத்தனை மாதம் உழைத்தது? நாலு குடும்பம் சேர்ந்து ஒரு சார்ஜரும் ஒரு மீற்றரும் வைத்திருக்க முடியாதா?